இணைய விண்ணப்பங்களில் ‘கடைசிப் பெயர்’ கட்டாயத்தை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கணினி மைய உரிமையாளர் (முழு முகவரி தனித்தாளில்)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: முன்னெழுத்துடன் கூடிய தமிழ்ப் பெயரை இணைய விண்ணப்பங்களில் உள்ளபடியே ஏற்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். பான், பாஸ்போர்ட், கல்வி உதவித்தொகை, அரசு வேலை என இணையவழி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் கணினி மையம் நடத்திவருகிறேன். ஓடிபி வராமல் காத்திருப்பதற்கு அடுத்தபடியாக எங்களிடம் அதிக நேரம் பிடிப்பது ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டம்தான்.

ராமசாமி மகள் கவிதா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் ‘கவிதா ஆர்’. ஆதாரில் ‘ஆர் கவிதா’. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அங்கே முன்னெழுத்து மட்டும் போட்டால் செல்லாது. ஆகவே ‘கவிதா ராமசாமி’. பாஸ்போர்ட்டிலும் முன்னெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவோரும் உண்டு, காலியாக விடுவோரும் உண்டு. காலியாக விட்டவர்கள் 2022 நவம்பரில் பதறிப்போனார்கள். ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டுடன் விசிட் விசாவில் வருவோருக்கு அனுமதியில்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததுதான் காரணம். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இன்னும் வேடிக்கை: கவிதா என்பது குடும்பப் பெயராகிவிடும், அவருடைய சொந்தப் பெயரின் இடத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதற்கான மூன்றெழுத்துக் குறி அச்சாகி வரும்.

இத்தனை பெயர்களும் ஒருவருடையவை என்பது வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பான்–ஆதார் இணைப்பில் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பியவர்களைச் சமாதானப்படுத்துவதே எங்களுக்குத் தனி வேலையானது. இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தது. தாமதத்துக்கு 1,000 ரூபாய் கட்டணம் வேறு. ஆதாரில் பெயரைத் திருத்தலாமே என்றால், வாழ்நாளில் இரண்டு முறைதான். சிறு வயதில் எழுத்துப்பிழைக்கு ஒன்று, திருமணத்துக்குப் பின் கணவரின் முன்னெழுத்துக்கு ஒன்று என்று தீர்ந்துவிட்ட பெண்கள் எங்கே போவார்கள்?

சில தளங்கள் அந்தக் கட்டத்தில் ஒற்றை எழுத்தை ஏற்பதில்லை. ‘குறைந்தது இரண்டு எழுத்து தேவை’ என்று சிவப்பில் எச்சரிக்கும். புள்ளி வைத்தால் அதற்கும் சிவப்பு. கடைசியில் சிலர் ‘கவிதா கவிதா’ என்று தன் பெயரையே இருமுறை அடிக்கிறார்கள். இதைவிட வருந்தத்தக்கது, வேறு வழி தெரியாமல் சாதிப் பெயரைப் போட்டுவிடுவது. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண் இது. விட்டொழித்ததை ஒரு கட்டம் திரும்பக் கேட்பது நியாயமா?

முகநூலில் புனைபெயரும் இன்ஸ்டாகிராமில் செல்லப்பெயரும் வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் அரசிடமிருந்து வரும் மின்னஞ்சல் ‘அன்புள்ள ராமசாமி’ என்று கவிதாவை அழைப்பது யார் விரும்பியது?

அப்பா பெயர்தான் முன்னெழுத்து என்பதும் இல்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை, ‘எஸ்’ தாயார் சண்முகவடிவு. இவற்றில் எது கடைசிப் பெயர்? உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தரவரிசைப் பட்டியலிலேயே ‘பிரக்ஞானந்தா ஆர்’ என்று நம் வழக்கப்படி பெயர் நிற்கிறது. முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என 2021-இல் நம் அரசே ஆணையிட்டிருக்கிறது. ஆணை ஏற்ற பெயரை அரசின் இணையதளமும் ஏற்க வேண்டும் அல்லவா?

தொழில்நுட்பம் இடம்தராது என்று பதில் வரக்கூடும். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 ஆவணம், பாஸ்போர்ட்டுக்கான உலகத் தரநிலை, பிரிக்க முடியாத பெயரை முழுதாக ஒரே பகுதியில் எழுத அனுமதிக்கிறது. எனவே மாநில அரசின் தளங்கள் அனைத்திலும் பெயருக்கு ஒரே கட்டமும் முன்னெழுத்துக்குத் தனிக் கட்டமும் வைத்து, அதன் விரிவு தாய், தந்தை, கணவர், ஊர் எதுவாயினும் ஏற்க ஆணையிட வேண்டுகிறேன். பிறந்த தேதியும் ஆதார் எண்ணும் ஒத்திருந்து, முன்னெழுத்தின் இடமோ விரிவோ மட்டும் மாறினால், விண்ணப்பத்தைக் கணினியே தள்ளுபடி செய்யாமல் அலுவலர் பார்வைக்கு அனுப்ப வழிசெய்ய வேண்டும். பான், பாஸ்போர்ட், ஆதார் ஆகியவை ஒன்றிய அரசின் பொறுப்பு என்பதை அறிவேன். அவற்றுக்காகத் தமிழ்நாடு அரசு சார்பில் கடிதம் எழுதப் பரிந்துரைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பிழைச்செய்தி வந்த திரைகளின் நகல்கள், விண்ணப்பதாரர் விவரங்கள் மறைக்கப்பட்டவை.