தீபாவளி மேடையில் இந்தத் தீவின் பாட்டுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய விழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழுவிலுள்ள பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

இந்தத் தீபாவளியின் சனிக்கிழமை மதியம் சின்ன மேடையில் ஓர் இளம் உள்ளூர்க் குழுவுக்கு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று மாலையே உங்களில் இருவர் என்னைத் தேடி வந்து வருத்தப்பட்டுப் பேசினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த வருத்தம் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அந்தப் பிள்ளைகளுக்கு இன்றுவரை போய்ச் சேரவில்லை. யாரும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசவில்லை. அதனால் இதைத் தனிக் கடிதமாக இல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டிலிருந்து, பெரிய மேடையில், மாலை நேரத்தில், நம் ரீயூனியன் தீவின் ஃபோக் ராக் குழுக்களுக்கு, அதாவது இந்த மண்ணின் பாட்டை ராக்கோடு கலந்து பாடுகிறவர்களுக்கு, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் பெயரைச் சுவரொட்டியில் போடுங்கள். அவர்களுக்கும் ஊதியம் கொடுங்கள்.

அன்று வந்தது ஐந்து பேர் கொண்ட குழு. இரண்டு கிதார், கையில் பிடித்து ஆட்டும் தாளக் கருவியான கயாம்ப் ஒன்று, ஒரு ரூலேர், கூடவே நம் கோவில் தப்பு. கயாம்ப் ஆட்டுகிறவர் கரும்பு லாரி ஓட்டுகிறவர். ஆலைகள் ராப்பகலாக ஓடும் அறுவடைக் காலத்தில் ஒரு சனிக்கிழமைக் கூலியை விடுவது என்றால் என்ன என்று கரும்புக்காட்டுக் குடும்பங்களில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டார்கள். வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி அவர்களுக்கு ஒரு மேடை. மேலே கூரை கிடையாது, நவம்பர் வெயில். ரூலேர் பெரிய பீப்பாய் முரசு. அதைப் படுக்கப் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிப்பார்கள். அதனால் மைக் தரையை ஒட்டி இருக்க வேண்டும். குட்டையான ஸ்டாண்டு ஒன்று கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. ஒரு செங்கல்லைத் தேடி எடுத்து வந்து அதில் மைக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு தொடங்கினார்கள்.

எதிரே இருந்த கூட்டம் சாப்பாட்டு வரிசையில் நின்றது. பரவாயில்லை, இரண்டாவது பாட்டில் வரிசையிலிருந்து நான்கைந்து பேர் விலகி மேடைப் பக்கம் வந்தார்கள். மூன்றாவது பாட்டுதான் அவர்கள் மாதக்கணக்கில் உழைத்து உண்டாக்கியது. பாடகரின் தாத்தா பாண்டியாளி அம்மன் (நம் திரௌபதி) தீமிதியில் பாடிய சில வரிகளை அவர் வாயிலிருந்தே கேட்டு எழுதி, என்னிடம் கொண்டு வந்து உச்சரிப்பைச் சரிபார்த்து, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அமைந்த பாட்டின் நடுவே அந்தத் தமிழ் வரிகள் எழும்படி அமைத்திருந்தார்கள். தாத்தாவும் மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த வரிகள் வருவதற்குச் சற்று முன்னால் மின்சாரத்தை நிறுத்தினார்கள். இரவு நிகழ்ச்சிக்கான டிராக்கைப் பெரிய மேடையில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம், இரண்டு சத்தமும் மோதுகிறதாம்.

பதிவு செய்து கொண்டு வந்த ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, உயிரோடு பாடிக்கொண்டிருந்த மனிதர்களின் வாயை அடைத்தோம். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் மைக் இல்லாமலே அடித்தார்கள். அப்புறம் ரூலேரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கையில் ஆளுக்கு ஒரு சாப்பாட்டுச் சீட்டு.

சென்னையிலிருந்து வந்த பாடகர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகப் பாடினார்கள், மக்களும் ரசித்தார்கள். சினிமாப் பாட்டே கூடாது என்று நான் கேட்கவும் இல்லை. அந்த இரவில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதற்குக் குழுவில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். முன்பே காதில் விழுந்தவைதான். 'பக்தி விழாவில் ராக் எதற்கு?' 'அவர்கள் தமிழில் பாடுவதில்லையே.' 'இந்தக் குழுவையெல்லாம் யாருக்குத் தெரியும்?'

முதல் கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். அன்று இரவு பெரிய மேடையில் ஆடிய ஆட்டங்களுக்கும் பக்திக்கும் எவ்வளவு தூரம் என்று எல்லோரும் பார்த்தோம். இந்தக் குழுக்களின் வேரான, இந்தத் தீவின் மலோயாவோ முன்னோரை நினைத்துச் செய்யும் வழிபாட்டிலிருந்து வந்த இசை. இரவு முழுக்க நடக்கும் அந்தச் சடங்கில் நம் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், அடித்திருக்கிறார்கள், பாடியிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வியைத் தமிழ் வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். என்னிடம் எழுத்துக் கற்க வரும் பிள்ளைகளின் வீட்டில் பேசுவது கிரியோல். சினிமாப் பாட்டின் சொற்கள் அவர்களுக்குப் புரிவதில்லை, மெட்டுதான் போய்ச் சேருகிறது. ஆனால் தன் தாத்தாவின் வரியை ஒரு பாட்டுக்குள் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை, அந்த வரியின் ஒவ்வொரு எழுத்தையும் கேட்டுக் கேட்டுக் கற்றான். என் வகுப்பில் அவ்வளவு ஆசையோடு தமிழ் படித்தவர்கள் குறைவு.

மூன்றாவது கேள்விதான் என்னை உண்மையில் வருத்துகிறது. யாருக்குத் தெரியும் என்று கேட்கிறோம். தெரியும்படி நாம் என்ன செய்தோம்? இந்த ஆண்டுச் சுவரொட்டியில் விருந்தினர்களின் பெயரும் படமும் பெரிதாக இருந்தன. கீழே ஒரு வரி: 'மற்றும் உள்ளூர்க் கலைஞர்கள்'. வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடிக் கேட்கலாம் என்று ஒருவர் நினைத்தால்கூடத் தேடுவதற்கு ஒரு பெயர் இல்லை.

நம் தீவின் பாடகர் அலேன் பீட்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே மேடை ஏறியவர். 1970களில் கமெலியோன், கரூசெல் என்ற குழுக்களில் மின்கிதார் ராக்கும் மலோயாவும் ஒன்றாக ஓட முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர். பின்னாளில் டாக்கம்பா என்ற மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மெல்லிய குரலில், எளிமையான பாட்டுகளைச் செய்தார். குடியும் வறுமையுமாகப் போய் 1995இல் 43 வயதில் இறந்தார். சிதறிக் கிடந்த பதிவுகளைத் திரட்டி 'பராபோலேர்' என்ற தொகுப்பாகக் கொண்டு வந்தது 1998இல். இன்றைக்கு ஐரோப்பாவில் அவர் பாட்டை மறுபதிப்புச் செய்து இசைத்தட்டாக விற்கிறார்கள். அவர் இருந்தபோது மாலை நேரத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்ட மேடைகள் எத்தனை? நம் தீவில் ஒரு கலைஞனைப் பாராட்ட அவன் செத்துப் போக வேண்டியிருக்கிறது.

நம் இரத்தம் என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் பாடகர் ஜில்பெர் புனியாவும் இப்படிச் சின்ன மேடைகளிலிருந்து வந்தவர்தானே. 1979இல் அவருடைய ஸிஸ்காகான் குழு தொடங்கியபோது அது வெறும் பாட்டுக் குழுவாக இல்லை. கிரியோல் மொழிக்காகக் கவிஞர்களும் பாடகர்களும் கூடிய இயக்கம். அப்போது மலோயா மீது அதிகாரிகளுக்குச் சந்தேகம். கம்யூனிஸ்டுகளின் பாட்டு என்று 1981 வரை அதை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அந்த நாளிலேயே மலோயாவைப் பாட ஆரம்பித்து, பிறகு சித்தாரையும் தபேலாவையும் கிதாரோடு சேர்த்தார்கள். 1993இல் வந்த 'கஸ்கஸ்நிகோலா' தொகுப்பை ஒரு முறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். நம் வீட்டு ஒலிகள் அதில் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கின்றன என்பது புரியும். பின்னாளில் வந்தவற்றைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். 2009இல் யுனெஸ்கோ மலோயாவைத் தன் பட்டியலில் சேர்த்தபோது எல்லோரும் கைதட்டினோம். பட்டியலில் சேர்ந்த பாட்டு நம் விழாவில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இன்னும் நிற்கிறது.

இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டால் என்னால் இரவு முழுக்கச் சொல்ல முடியும். க்ரென் செமே குழுவைக் கேளுங்கள். அதன் பாடகர் கார்லோ தெ சாக்கோ எழுதும் வரிகள் அடர்த்தியானவை, முதல் தடவையில் பிடிபடாது. இரண்டாம் தடவை விடாது. நத்தாலி நாத்தியம்பே பாடும்போது ராக் என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பொருள் இருக்கிறது. அந்தக் குரலில் இருக்கும் கோபத்தை நம் பெண் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. புனியாவின் மகள் மாயா கமாட்டி தன் தந்தையின் வழியில் அப்படியே போகாமல் தனக்கென ஒரு ஒலியைத் தேடிக்கொண்டார். பிரா-பானோன் பக்கத்துப் பானியாண்டியிலிருந்து ஒலிவியே அராஸ்தின் லிந்திகோ குழு வந்தது. அது ஃபோக் ராக் இல்லைதான், முழு வேக மலோயா. ஆனாலும் இளம் குழுக்கள் பல அந்தத் தாளத்தைக் கேட்டு வளர்ந்தவை. பழையதைத் தேடுகிறவர்களுக்கு, 2017இல் லண்டனின் ஸ்ட்ரட் நிறுவனம் வெளியிட்ட 'ஓத்தே மலோயா' தொகுப்பு நல்ல வாசல். 1975க்கும் 1986க்கும் நடுவே மின்கருவிகளோடு மலோயா செய்தவர்களை, நம் தீவின் இரண்டு டிஜேக்கள் தேடிப் பிடித்துத் தொகுத்தது.

இவர்கள் எல்லோரும் ஓரளவு பெயர் பெற்றவர்கள். நான் கேட்கும் ஒரு மணி நேரம் இவர்களுக்குக்கூட இல்லை. இவர்களுக்கு சாக்கிஃபோ போன்ற பெரிய விழாக்கள் இருக்கின்றன. இன்னும் ஓர் இசைத்தட்டுகூட வெளியிடாத, கார் கொட்டகையில் ஒத்திகை பார்க்கும், கரும்புப் பூத்தண்டை வெட்டி வந்து தன் கயாம்பைத் தானே கட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்குத்தான் கேட்கிறேன். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சனிக்கிழமை இரவுகளில் யார் வீட்டு முற்றத்தில் கபார் என்ற பாட்டுக் கூடல் நடக்கிறது என்று விசாரித்துப் போனால் போதும். ஒரு குழுவைக் கேட்டு முடித்தால் அவர்களே இன்னொரு குழுவின் பெயரைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தேன். செயலிகள் சொல்லும் பாட்டுகளில் இவர்கள் வரமாட்டார்கள்.

நம் விழா ஒன்றை மட்டும் குறை சொல்வது சரியில்லை. வானொலியைத் திருப்பினால் நாள் முழுக்க அதே பத்துப் பாட்டு. பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடுவதும் வெளியே இருந்து வந்த பாட்டுக்கு. கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் தப்பை எடுத்தால் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். பால் தமூல் என்று இரவிரவாக நடந்த நம் கூத்தைப் பார்த்தவர்கள் இப்போது தாத்தா பாட்டி வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த ஆட்டத்தின் அடவு தெரிந்த கால்கள் எத்தனை இருக்கும்? பண்பாடு என்றால் விமானத்தில் வந்து இறங்குவது, இங்கே முளைத்ததற்கு அந்தப் பெயர் கிடையாது என்று நம் பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுத்துவிட்டோம். அப்படிக் கற்ற பிள்ளை வளர்ந்ததும் தீவை விட்டுப் போவதைப் பற்றித்தான் யோசிக்கும். அப்புறம் இளைஞர்கள் கோவிலுக்கு வருவதில்லை, சங்கத்துக்கு வருவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருந்துகிறோம். வந்த ஐந்து பேரை நாம் எப்படி அனுப்பினோம்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லோரும் சொந்த வேலையை விட்டுவிட்டு, கைக்காசைப் போட்டு, வாரக்கணக்கில் தூங்காமல் இந்த விழாவை நடத்துகிறீர்கள். பந்தல் கட்டுவதிலிருந்து கடைசி விளக்கை அணைப்பது வரை நின்று பார்த்தவன் நான். உங்கள் உழைப்பின் மீது மரியாதை இருப்பதால்தான் உங்களிடமே கேட்கிறேன்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். புதிதாக மேடை வேண்டாம், இருக்கிற மேடைதான். விருந்தினர்களின் பயணச்சீட்டிலும் தங்கும் விடுதியிலும் போகும் தொகையில் ஒரு சிறு பங்கு இரண்டு உள்ளூர்க் குழுக்களின் நியாயமான ஊதியத்துக்குப் போதும். இரவு ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை கொடுத்தால் குடும்பங்கள் வந்து சேர்ந்திருக்கும். சாப்பாடு போடும் நேரத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒலி பார்க்க மதியமே அரை மணி கொடுங்கள். தரையை ஒட்டி நிற்கும் மைக் ஸ்டாண்டு இரண்டு வாடகைக்கு எடுங்கள். குழுக்களைத் தேர்ந்தெடுக்க இளைஞர்கள் மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டால் நல்லது. கபார்களுக்கு அவர்களை என் வண்டியிலேயே கூட்டிப் போகிறேன்.

அப்புறம் இன்னொன்று. அந்த ஐந்து பேரையும் உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பாக ஒரு நாள் அழைத்துப் பேசுங்கள். அவர்கள் சண்டை போட மாட்டார்கள், இனி நம் விழாவுக்கு வருவதில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தலைவர் அவர்கள் நேரில் கூப்பிட்டால் வருவார்கள். அடுத்த ஆண்டுப் பெரிய மேடையில் முதல் இடம் அவர்களுக்கு என்று நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது பாட்டை அன்று முழுதாகப் பாடட்டும். தாத்தாவுக்கு வயதாகிறது, அதிக நாள் தள்ளிப் போட வேண்டாம்.

அடுத்த விழாவுக்கான கூட்டங்கள் தொடங்குவதற்குள், சுவரொட்டி அச்சுக்குப் போவதற்கு வெகு முன்பாக, இந்தக் கோரிக்கையை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எந்தத் தேதியில் பேசப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியப்படுத்துமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் ஆசிரியன்