கொட்டாமல் வைத்த குடுவைக்கு நன்றி

ஆய்வகத்துக்கு வர முடியாமல் மருத்துவமனையில் கழிந்த அந்த மூன்று வாரங்கள் எப்படிப் போயின என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். ரத்தம் கொடுத்தவர்கள், இரவில் கண்விழித்தவர்கள், என் வகுப்புகளை எடுத்த நண்பர்கள், ஆய்வறிக்கைக்குக் கூடுதல் அவகாசம் வாங்கித் தந்த நெறியாளர், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன்.

இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியது எங்கள் ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்காவைப் பற்றி.

என் ஆராய்ச்சி சயனோபாக்டீரியா மீது. சூரிய ஒளியில் உணவு சமைக்கும் நுண்ணுயிர்கள் இவை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இவற்றால்தான். நான் வளர்க்கும் சினெக்கோசிஸ்டிஸ் என்ற வகையில் செல் ஒவ்வொன்றிலும் மரபணுத் தொகுதி பல பிரதிகளாக இருக்கும். ஒரு ஜீனை நீக்கினால் எல்லாப் பிரதியிலும் நீங்கும்வரை தட்டு தட்டாக மாற்றி வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த ரகத்தில், உறைபெட்டி பழுதான பிறகு மிஞ்சியது ஒரே ஒரு குடுவை. நைட்ரஜன் இல்லாத வளர்ப்புக் கரைசலில் கிடந்ததால் அதுவும் வெளிறி மஞ்சளாகிவிட்டது.

பார்த்தவர்கள் செத்துவிட்டது என்றார்கள். கழுவப் போகும் தட்டில் வைத்தும்விட்டார்கள். அக்கா அதை எடுத்துத் திரும்ப விளக்கடியில் வைத்து, ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறார்: "கொட்ட வேண்டாம். பாப்பா வந்து பார்க்கும்." தினம் காலையும் மாலையும் கையால் மெல்லச் சுழற்றியும் விட்டிருக்கிறார், நான் செய்வதைப் பார்த்த பழக்கத்தில்.

ஏன் அக்கா என்று கேட்டேன். "நீதானே சொன்னே, மஞ்சளானா சாகலை, பசியில தூங்குதுன்னு" என்றார். எப்போது சொன்னேனோ, எனக்கு நினைவே இல்லை. பட்டினியில் இவை நிறமிகளை உடைத்துவிட்டு உறங்கும் என்பது உண்மைதான். போன வாரம் நைட்ரஜன் தரும் நைட்ரேட் சேர்த்தேன். இரண்டாம் நாள் காலையில் குடுவை பச்சை பிடித்திருந்தது. அதைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

கட்டுரை வெளிவரும்போது நன்றிப் பகுதியில் முதல் பெயர் அக்காவுடையதுதான். அதற்கு முன் வேறொரு கடன் இருக்கிறது. இத்தனை வருடம் அந்த மேசையைத் துடைத்தவர் ஒருமுறைகூட மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை. ஒளிர்வு விளக்கில் இந்தப் பச்சை செல்கள் செக்கச்செவேலென்று மின்னும். திங்கட்கிழமை காலை நாற்காலியை அவர் உயரத்துக்குச் சரிசெய்து வைத்திருப்பேன். அக்கா, துடைப்பத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், முதலில் இங்கே வாங்க.