பேய்ப்படங்களை ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். தொலைக்காட்சித் தொடரில் ஜெரமி பிரெட் நடித்த ஷெர்லக் ஹோம்ஸுக்கு இணையாக இன்னொருவர் வரவில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் போகிற போக்கில் அதே நாட்டின் பேய்ப்படங்களை ‘சிவப்புச் சாயம் பூசிய மலிவுச் சரக்கு’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டாரே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. துப்பறியும் கதையில் எந்தக் குணத்தை அவர் கொண்டாடுகிறாரோ, அதே குணம் அந்தப் படங்களிலும் இருக்கிறது.

பேய்ப்படங்களுக்குப் பெயர்போன பிரிட்டிஷ் நிறுவனமான ஹாமர் 1958இல் எடுத்த ‘டிராகுலா’வையே எடுத்துக்கொள்வோம். இதில் டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக நடித்த பீட்டர் குஷிங், மந்திரவாதி போலவா நடந்துகொள்கிறார்? அறையில் உட்கார்ந்து, தாம் பதிவுசெய்து வைத்த குரலைக் கருவியில் ஓடவிட்டுக் கேட்கிறார். இரத்தக் காட்டேரிக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஆராய்ச்சியில் உறுதிப்பட்ட உண்மைகள் வரிசையாக வருகின்றன. அவற்றில் ஒன்று, சூரிய ஒளி பட்டால் அது அழிந்துவிடும் என்பது. படம் பார்ப்பவர் கையிலும் தடயத்தைக் கொடுத்தாகிவிட்டது. இறுதிக் காட்சியில் குஷிங் நீண்ட மேஜையின் மீது ஓடிப்போய்த் தாவி, சன்னல் திரையைப் பற்றி இழுத்து விழுத்தாட்டுகிறார். வெயில் உள்ளே பாய்கிறது. மெழுகுவத்தித் தாங்கிகள் இரண்டைக் குறுக்கே வைத்துச் சிலுவையாக்கி, டிராகுலாவை அந்த வெயிலுக்குள்ளேயே நெருக்குகிறார். தாங்கிகளை அப்படிப் பிடிக்கலாம் என்பது குஷிங் சொன்ன யோசனை. திடீரென்று வந்து காப்பாற்றும் அற்புதம் எதுவும் இங்கே இல்லை. முன்னரே சொல்லப்பட்ட உண்மை, சரியான நேரத்தில் பயன்படுகிறது. நல்ல துப்பறியும் கதையின் இலக்கணமும் இதுதானே?

மறு ஆண்டே அதே நிறுவனமும், இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரும், குஷிங்கும் சேர்ந்து ‘தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’ கதையைப் படமாக்கினார்கள். வண்ணத்தில் வந்த முதல் ஹோம்ஸ் படம் அது. டிராகுலாவாக மிரட்டிய கிறிஸ்டோபர் லீ, இதில் உயிருக்கு ஆபத்துள்ள சர் ஹென்றி. குஷிங் தம் வான் ஹெல்சிங்கிடம் இருந்த அதே கூர்மையையும் பரபரப்பையும் ஹோம்ஸுக்கும் கொடுத்தார். 1968இல் பிபிசி தொலைக்காட்சியிலும் அவரே ஹோம்ஸாக வந்தார். 16 பகுதிகள் எடுத்தார்கள். ஒளிநாடாவை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது அந்தக் காலத்து வழக்கம் என்பதால், இன்று மிஞ்சியிருப்பவை 6 மட்டுமே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதே 1968இல் பிபிசிக்காக ஜோனதன் மில்லர் எடுத்த ‘விசில் அண்ட் ஐல் கம் டு யூ’வையும் கட்டுரையாளர் ஒருமுறை பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம்கூட ஓடாத கறுப்பு வெள்ளைப் படம். இரத்தம் ஒரு சொட்டும் கிடையாது. கடலோர விடுதியில் தங்கும் பேராசிரியராக மைக்கேல் ஹோர்டன். தமக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு, வாயில் உணவைக் குதப்பியபடி, பேய் உண்டா என்று கேட்டவரைச் சொற்களைப் பிரித்துப் பிரித்து மடக்குகிறார். பாழடைந்த கல்லறை ஒன்றில் கிடைத்த பழைய ஊதலை எடுத்துவந்து ஊதிப் பார்க்கிறார். பிறகு வருவது வெறும் துணி. வெறிச்சோடிய கடற்கரையில் தூரத்தில் படபடக்கும் கந்தல், கடைசியில் பக்கத்துக் கட்டிலில் எழும்பும் போர்வை, அவ்வளவுதான். அதற்கே வாதத் திறமையெல்லாம் போய், பேச்சற்றுக் குழந்தை போல் முனகுகிறார் அந்த மனிதர். மலிவுச் சரக்கால் இதைச் செய்ய முடியுமா?

‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ என்ற துப்பறியும் தொடர் மெதுவாக நகர்கிறது என்று வேறொரு வாசகர் குறைபட்டிருந்தார். 1987 முதல் 2000 வரை வந்தவை மொத்தமே 33 கதைகள். விளம்பரங்களோடு ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். அந்த அவகாசம் இருப்பதால்தான் மோர்ஸ் தவறான ஆளைச் சந்தேகிக்கவும், மதுக்கடையில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து யோசிக்கவும், அவருடைய உதவியாளர் சார்ஜென்ட் லூயிஸ் போகிற போக்கில் சொல்லும் ஒரு வார்த்தையில் விடை பிடிபடவும் முடிகிறது. மோர்ஸாக நடித்த ஜான் தாவின் முகத்தில் அந்த விடை வந்து உட்காரும் கணத்துக்காக எத்தனை மணி நேரமும் காத்திருக்கலாம்.

2010இல் தொடங்கிய ‘ஷெர்லக்’ தொடரைக் கட்டுரையாளர் வானளாவப் புகழ்ந்திருக்கிறார். தொடக்கப் பகுதிகள் எனக்கும் பிடித்தவையே. போகப்போக, தடயம் நம் கண்ணில் படும் முன்பே ஹோம்ஸ் விடையைச் சொல்லி முடித்துவிடுகிறார். நமக்கு வாய்பிளப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இந்த விஷயத்தில் 1958இன் டிராகுலா பார்வையாளரிடம் அதைவிட நேர்மையாக நடந்துகொண்டது என்றே சொல்வேன்.

ஒரு வேண்டுகோள். 1971 தொடங்கிப் பல ஆண்டுகள் கிறிஸ்துமஸ்தோறும் பிபிசி ஒளிபரப்பிய பேய்க்கதைப் படங்களைப் பற்றி, குறிப்பாக அவற்றில் பெரும்பாலானவற்றை இயக்கிய லாரன்ஸ் கார்டன் கிளார்க்கைப் பற்றி, விரிவான கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும். அதே கட்டுரையாளரே எழுதினால் இன்னும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.