கணக்கில் வராத சரக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குவைத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பதினைந்து வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு 2009-இல் ஊர் திரும்பியவன் நான். இப்போது வயது 68. ஈரானின் அணு ஆயுதம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். ஒரு தலைவர் சொல்வது அப்படியே தலைப்பாக வருகிறது. அதே ஆள் ஆறு மாதத்துக்கு முன்னால் என்ன சொன்னார் என்பது மட்டும் செய்தியில் வருவதில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

ஈராக் அதிபர் சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லி அமெரிக்கா ஈராக் மேல் படையெடுத்த 2003 மார்ச் மாதம், குவைத்தின் ஷுவைக்கில் இருந்த எங்கள் ஸ்டோரிலிருந்து அதிகமாக வெளியே போனது பாலிதீன் சுருளும் மாஸ்கிங் டேப்பும்தான். சரக்கு எடுக்க வருகிறவர் எந்த வேலைக்கு என்று இஷ்யூ ஸ்லிப்பில் எழுத வேண்டும். அதுவரை 'பெயிண்டிங்', 'கியூரிங்' என்று எழுதிக்கொண்டிருந்த ஃபோர்மேன்கள் அந்த வாரம் 'ரூம்' என்று எழுதினார்கள். நானும் மேற்கொண்டு கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். ஜன்னல் இடுக்கு, ஏசி ஓட்டை, கதவடி எல்லாவற்றையும் அடைத்து விஷவாயு உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் 'ரூம்' வேலை.

வாயு முகமூடிகளும் வந்தன. மேலாளர்களுக்கு மட்டும் 14 உருப்படி. எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தவன் நான்தான். கேம்பில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தோம். எங்களுக்கு ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

என் அறையில் ஆறு பேர். அதில் பரமக்குடிப் பையன் ஒருவன், எலெக்ட்ரீஷியன், கல்யாணமாகி நாலே மாதம். மார்ச் 20 அன்று சைரன் ஊதி அடங்கிய பிறகு என்னிடம், "அண்ணே, அது வந்தா எப்படிண்ணே தெரியும்? வாசனை இருக்குமா?" என்று கேட்டான். மஸ்டர்ட் வாயு பூண்டு மாதிரி நாறும் என்று எங்கோ படித்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று ராத்திரி பக்கத்து அறையில் யாரோ குழம்புக்குப் பூண்டு வதக்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டான். சமையல்தான்டா என்று நான் சொல்லியும் விடியும்வரை படுக்கவில்லை.

எங்களில் யாருக்கும் சதாம் உசேன் மேல் பரிவு கிடையாது. 1990-இல் குவைத்தைப் பிடித்து, ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் கட்டிய துணியோடு ஊர் திரும்பக் காரணமாக இருந்தவர் அவர். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் விஷவாயு வீசி ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றது அவருடைய ராணுவம். ஆகவே நாங்கள் பயந்ததில் தப்பில்லை. ஆனால் அந்த ஆயுதங்கள் அவர் கையில் உண்மையிலேயே இருந்த காலத்தில், ஈரான் சிப்பாய்கள் மேல் அவற்றை அவர் வீசிக்கொண்டிருந்தபோது, வாஷிங்டன் அவரோடு உறவாக இருந்தது. 1983 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனின் தூதராக பாக்தாத் போய் சதாமின் கையைக் குலுக்கியவர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட். இருபது வருடம் கழித்துப் படையெடுப்பை நடத்திய பாதுகாப்பு அமைச்சரும் அவரே.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம்.

வருடக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது, லெட்ஜரில் தின்னர் 40 டிரம் என்று இருக்கும், யார்டில் எண்ணினால் 28 இருக்கும். மீதி 12 கணக்கில் வரவில்லை. ஸ்லிப் போடாமல் ஏதாவது சைட்டுக்குப் போயிருக்கலாம், ஒழுகிக் காலியாகியிருக்கலாம், திருடும் போயிருக்கலாம், எங்கேயாவது ஒளித்தும் வைத்திருக்கலாம். தேடிப் பார்க்காமல் எந்த ஸ்டோர் கீப்பரும் "12 டிரம் இன்ன இடத்தில் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட மாட்டான். போட்டால் வேலை போய்விடும்.

ஈராக் விஷயத்தில் நடந்தது இதுதான். 1991-இல் தன்னிடமிருந்த ரசாயன, உயிரியல் ஆயுதங்களில் கணிசமான பகுதியை ஈராக் ஐ.நா. ஆய்வாளர்களைக் கூப்பிடாமல் தானே அழித்தது, ஒழுங்காகக் கணக்கும் வைக்கவில்லை. அதனால் ஆய்வாளர்களின் ஏட்டில் இத்தனை லிட்டர், இத்தனை டன் 'கணக்கில் வரவில்லை' என்று நின்றுபோனது. சதாம் செய்த தவறு அது, சந்தேகமில்லை. ஆனால் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்வதற்குள் அந்த 'கணக்கில் வரவில்லை' என்பது 'இருக்கிறது' என்று ஆகிவிட்டது. ஐ.நா. ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் 2003 பிப்ரவரி 14 அன்று பாதுகாப்பு மன்றத்திலேயே இதைச் சொன்னார். கணக்கில் வராதவை இருக்கின்றன என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது, இருக்கவே முடியாது என்று தள்ளிவிடவும் முடியாது என்றார். கணக்குத் தெரிந்தவர் பேச்சு அது. அடுத்த மாதமே அவருடைய ஆட்களை ஈராக்கிலிருந்து வெளியேற்றிவிட்டுக் குண்டு போட்டார்கள்.

அலுமினியக் குழாய் விவகாரமும் எனக்கு மறக்காது. பத்து வருடம் குழாய்களோடு மாரடித்தவன் நான். ஈராக் வாங்கப் பார்த்த குழாய்கள் 81 மில்லிமீட்டர் விட்டம், 900 மில்லிமீட்டர் நீளம். யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரத்துக்குத்தான் அவை என்றார்கள். அணு ஆயுதத் திட்டத்தைத் தவிர வேறு எதற்கும் சரிவராது என்கிற அளவுக்கு 2002 செப்டம்பர் 8 அன்று அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ் தொலைக்காட்சியில் பேசினார். ஈராக் ராணுவம் ஏற்கெனவே வைத்திருந்த ராக்கெட்டின் விட்டமும் 81 மில்லிமீட்டர்தான். குழாய் ராக்கெட்டுக்கே பொருந்துகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் சொந்த நிபுணர்களே சொன்னார்கள். அளவு பார்க்கத் தெரிந்தவர்கள் ஒன்று சொல்ல, மேடையில் இருந்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். நாங்கள் கேட்டது மேடைப் பேச்சை மட்டும்.

எல்லாரையும்விட எனக்கு மனம் ஆறாதது அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் விஷயத்தில்தான், ஏனென்றால் அவரை நான் நம்பினேன். 2001 பிப்ரவரி 24 அன்று கெய்ரோவில், பேரழிவு ஆயுதங்களில் குறிப்பிடத்தக்க எந்தத் திறனையும் சதாம் வளர்க்கவில்லை, அண்டை நாடுகள் மேல் படை காட்டும் நிலையிலும் அவர் இல்லை என்று சொன்னவர் இவர். அண்டை நாடு என்றால் நாங்கள் இருந்த குவைத்துதான். இரண்டு வருடம்கூட முடியவில்லை, 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா.வில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டி ஆந்த்ராக்ஸ் பற்றிப் பேசினார். ஈராக்கிடம் குறைத்துக் கணக்கிட்டாலும் 100 முதல் 500 டன் ரசாயன ஆயுதப் பொருள் இருக்கிறது என்றார். லாரியில் ஓடும் ஆய்வுக்கூடங்களின் படத்தைக் காட்டினார். மெஸ் ஹாலில் நூறு பேர் நின்றபடி அதைப் பார்த்தோம். அந்த லாரிக் கதை முக்கியமாக ஜெர்மனிக்கு ஓடிப்போன ஓர் ஈராக்கியரின் வாயிலிருந்து வந்தது. அது பொய் என்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார்.

கெய்ரோ பேச்சுக்கும் குப்பிக்கும் நடுவில் வந்தது 2001 செப்டம்பர் 11. அது அமெரிக்காவின் மனநிலையை மாற்றியது. ஈராக் கிடங்கில் ஒரு டப்பாவைக்கூட அது கூட்டவில்லை.

பாக்தாத் விழுந்த பிறகும் சரக்கு கிடைக்கவில்லை. ஆயுதங்கள் எங்கே இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும், திக்ரித், பாக்தாத் சுற்றுவட்டாரத்தில், கிழக்கே, மேற்கே, தெற்கே, வடக்கே என்று ரம்ஸ்ஃபெல்ட் மார்ச் 30 அன்றே சொல்லியிருந்தார். மே கடைசியில், கண்டுபிடித்துவிட்டோம் என்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் போலந்து தொலைக்காட்சியிடம் சொன்னார். அவர் சொன்ன வண்டிகள் பலூனுக்கு ஹைட்ரஜன் நிரப்புகிறவை என்று பின்னால் தெரிந்தது. அப்புறம் 'ஆயுதம்' என்ற சொல்லே தேய ஆரம்பித்தது. முதலில் 'ஆயுதத் திட்டம்' ஆனது. புஷ்ஷின் 2004 ஜனவரி 20 உரையில் 'பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான திட்டச் செயல்பாடுகள்' என்று வந்து நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான, ஆயுதங்களைத் தேடிப் போன அமெரிக்கக் குழுவின் டூல்ஃபர் அறிக்கை, போருக்கு முன் ஈராக்கிடம் ஆயுத இருப்பு எதுவும் இல்லை என்று கணக்கை முடித்தது.

அதற்கு முன்பே, 2003 டிசம்பரில், ஒரு பேட்டியில் புஷ்ஷிடம் கேட்டார்கள்: ஆயுதம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வதும், சதாம் ஆயுதம் சம்பாதிக்கக்கூடும் என்பதும் வேறு வேறு இல்லையா? "அதில் என்ன வித்தியாசம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். ஐயா, அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதுதான் என் பதினைந்து வருட உத்தியோகம். அந்த வித்தியாசத்தில்தான் ஈராக்கில் லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் கிட்டத்தட்ட 4,500 பேர் செத்தார்கள். பரமக்குடிப் பையன் பூண்டு வாசனைக்கு நடுங்கியதும் அந்த வித்தியாசத்தால்தான்.

2004 மார்ச்சில் வாஷிங்டனில் நிருபர்களின் விருந்து ஒன்றில், புஷ் தன் அலுவலகத்தில் மேசை நாற்காலிக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் எடுத்த படங்களைக் காட்டி, அந்த ஆயுதங்கள் இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும் என்று வேடிக்கை பேசினார். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். எங்கள் அறையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரும் பேசவில்லை. டிவியை அணைத்துவிட்டுப் படுத்தோம். அந்த வருடமே மே மாதம் நியூயார்க் டைம்ஸ், ஈராக் ஆயுதம் பற்றித் தான் போட்ட செய்திகள் சிலவற்றை இன்னும் கடுமையாகச் சோதித்திருக்க வேண்டும் என்று வாசகர்களிடம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை மதிக்கிறேன். ஆனால் போர் தொடங்கி பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் ஈரான். 2025 மார்ச் 25 அன்று அமெரிக்க உளவுத் துறை இயக்குநர் துல்சி கப்பார்ட் செனட் குழு முன்பு, ஈரான் அணு ஆயுதம் தயாரிக்கவில்லை என்பதே உளவு அமைப்புகளின் மதிப்பீடு என்றார். ஜூன் 17 அன்று, அவர் சொன்னதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ஈரான் ஆயுதத்தை நெருங்கிவிட்டது என்றார் டிரம்ப். ஜூன் 20 அன்று கப்பார்டும் ஈரான் நினைத்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆயுதம் செய்ய முடியும் என்று சொல்லிவிட்டார். 22 அன்று ஈரானின் அணு நிலையங்கள் இருக்கும் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் மூன்று இடத்திலும் அமெரிக்கக் குண்டு விழுந்தது.

ஈரானும் ஈராக்கும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஈரானிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருந்தது, சர்வதேச அணுசக்தி முகமை அளந்து எழுதிய இருப்பு அது. கவலைப்பட வேண்டிய சரக்குதான். ஆனால் அது மூலப்பொருள். மூலப்பொருளுக்கு ஒரு ஏடு, முடிந்த சரக்குக்கு வேறொரு ஏடு. கம்பியும் சிமெண்டும் யார்டில் கிடப்பதைக் காட்டி, கட்டடம் எழும்பிவிட்டது என்று நான் ரிப்போர்ட் கொடுத்தது கிடையாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். எந்த நாட்டுத் தலைவரானாலும், நம் நாட்டுத் தலைவரே ஆனாலும், இன்னொரு நாட்டின் ஆயுதத்தைக் காட்டிப் போர் பற்றிப் பேசினால், அந்தச் செய்திக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போடுங்கள். அதே விஷயத்தில் அதே ஆள் முன்பு சொன்னது என்ன, எந்தத் தேதியில் என்று நாலு வரி போதும். இன்னொரு வரியில், நேரில் போய் எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது என்ன என்று போடுங்கள். உங்கள் அலுவலகத்தில் பழைய இதழ்கள் இருக்கும், தேடி எடுக்க ஆளும் இருப்பார்கள்.

என்னிடமும் ஒரு ஏடு இருக்கிறது. குவைத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த பழைய ஸ்டாக் லெட்ஜர், பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம். 2003-லிருந்து தேதி, சொன்னவர், சொன்னது, நேரில் கண்ட இருப்பு என்று நாலு பத்தி பிரித்துச் செய்தித் துணுக்குகளை ஒட்டி எழுதி வருகிறேன். ஈராக்குக்கு 31 பக்கம் ஆயிற்று. ஈரானுக்கு இப்போது ஒன்பதாவது பக்கம். உங்களுக்குப் பயன்படும் என்றால் நகல் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்,
மன்னார்குடி.