மலைக்காரர்களைக் கேட்டீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அருணாசலப் பிரதேசப் பயணக் கட்டுரை படித்தேன். 'வெள்ளைக்காரன் போட்ட ஐஎல்பி அனுமதியை இன்னும் வைத்திருப்பது அவமானம், அதை எடுத்தால்தான் மலைமக்கள் முன்னேறுவார்கள்' என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஐஎல்பி என்பது 'இன்னர் லைன் பெர்மிட்'; மலைப்பகுதியைச் சுற்றிப் போட்ட உள்கோட்டைத் தாண்டி வெளியார் நுழைய வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டு. கிமின் சோதனைச் சாவடியில் காக்க வைத்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை.

இந்த அனுமதிக்கு அடிப்படையான 1873ஆம் வருஷத்து வங்காளக் கிழக்கு எல்லைப்புறச் சட்டத்தை வெள்ளைக்காரன் தன் லாபத்துக்காகத்தான் போட்டான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அசாம் தேயிலைத் தோட்டக்காரர்களும் ரப்பர், யானைத்தந்த வியாபாரிகளும் மலைக்குள் புகுந்து வம்பு வளர்த்தார்கள். படை அனுப்பும் செலவு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. மலைமக்கள் மேல் பாசமெல்லாம் இல்லை. சரி. ஆனால் வெளியார் அங்கே அரசு அனுமதியில்லாமல் நிலம் வாங்கக் கூடாது என்ற விதியும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மக்கள் இன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். மணிப்பூரில் 2015இல் ஐஎல்பி கேட்டு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், ஒரு மாணவர் உயிரையே விட்டார். 2019 டிசம்பரில்தான் அது அவர்களுக்குக் கிடைத்தது. அதே மாதம் மேகாலய சட்டமன்றம் எங்களுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இவர்களில் ஒருவரிடமாவது கட்டுரையாளர் பேசினாரா?

நான் தொண்ணூறுகளில் அருணாசலப் பிரதேசத்து ஜிரோவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அங்கே வாழும் அபதானிப் பழங்குடியினர் நெல் வயலிலேயே மீனும் வளர்க்கிறவர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சாண் நிலம் கூட நான் வாங்க முடியாது; கடைசி வரை வாடகை வீடுதான். அதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. "நீ இரு, உன் பிள்ளைகளும் வரட்டும். வயல் மட்டும் எங்களிடம் இருக்கட்டும்" என்பார் வீட்டுக்காரப் பாட்டி.

இப்படி அனுமதியும் உள்கோடும் இல்லாத இடங்களில் என்ன நடந்தது? திரிபுராவில் 1901இல் பாதிக்கு மேல் இருந்த பழங்குடியினர் 2011இல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அவ்வளவு தூரம் போவானேன், கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறினால் அட்டப்பாடி. 1951இல் அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். இன்று அவர்கள் பாதி கூட இல்லை. அந்த நிலம் கைமாறியதில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. பறிபோன நிலத்தைத் திருப்பித் தர கேரளா 1975இல் போட்ட சட்டம் ஏட்டோடு நின்றது.

போன வருஷம் அந்தமான் சிறப்பிதழில் அங்குள்ள ஜாரவாப் பழங்குடியினரை எந்த நேரத்தில் சாலையோரம் பார்க்கலாம் என்று வாசகர்களுக்கு யோசனை சொன்னீர்கள். அவர்கள் காட்டுக்குள் ஓடும் அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அப்போதும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. என் மகள் பிறக்கும் முன்பிருந்தே உங்கள் இதழை வாங்கி வருகிறவள் என்பதால்தான் மனம் தாங்காமல் மறுபடி எழுதுகிறேன்.

கூலிவேலைக்குப் போகும் ஏழைகள் அனுமதிச் சீட்டுக்காக அலைவது உண்மை. அந்த அலைச்சலைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். வேலியையே பிடுங்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

அப்புறம், கட்டுரையோடு வந்த படத்தில் மூக்கில் கருந்தக்கை அணிந்திருப்பவர் அபதானி மூதாட்டி. 'நாகா பெண்' என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் தயவுசெய்து அதைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை