கதை வாசிப்பும் ஒரு கைப்பழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாங்கித் தரும் பெற்றோர் பலர், அதை வாசித்துக் காட்டுவதில் சறுக்குகிறார்கள். மூன்று வயதுக்குப் பத்து நிமிடம் தாராளம். பக்கத்துக்கு இரண்டு, மூன்று வரிகள், பெரிய படம் போதும். அச்சில் உள்ள ‘சென்றான், கூறினாள்’ பிள்ளைக்குப் புரியாது. முதல்முறை வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டு, அடுத்தமுறை அச்சில் உள்ளபடி வாசிக்கலாம்.

கொழுக்கட்டைக் கதையையே எடுத்துக்கொள்வோம். மாமியார் வீட்டில் தின்ற பலகாரத்தின் பெயரை வழிநெடுக முணுமுணுத்து வருபவன், வாய்க்காலை ‘அத்திரிபாச்சா’ என்று தாண்டியதில் அதை மறந்துவிடுகிறான். ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி, வாய்க்கால் வந்ததும் சற்று நிறுத்த வேண்டும். மறுநாள் பிள்ளையே குதித்துச் சொல்லும். அந்த நிறுத்தத்தை அவசரத்தில் விழுங்கிவிட்டால் கதை சப்பென்று போய்விடும். பழைய முடிவில், வீட்டுக்கு வந்து ‘அத்திரிபாச்சா’ செய்யச் சொல்லி, தெரியாது என்ற மனைவியை அவன் அடிக்க, அவள் கன்னம் கொழுக்கட்டை போல வீங்கும்; அப்போதுதான் பெயர் நினைவுக்கு வரும். அது வேண்டவே வேண்டாம். அவனே வாசல் நிலையில் முட்டிக்கொண்டு நெற்றி வீங்கட்டும், சிரிப்பு குறையாது.

நடுவில் ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். கேட்ட கதையையே மறுபடி கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். சொற்களை மாற்றினால் பிள்ளை சண்டைக்கு வரும்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று புத்தகங்களை நிலை பிரித்திருப்பது நல்ல ஏற்பாடு. ‘நுழை’ நிலைப் புத்தகங்களை அங்கன்வாடிகளுக்கும் அனுப்பலாமே.

— நூலகர் ஒருவர், தஞ்சாவூர்