சுகாதார நாள் நடத்தும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின், கோயில் நிர்வாகங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கண் என்று வரிசையாக மேசை போட்டுப் பரிசோதிக்கிறீர்கள். நம்மவர்களிடையே நீரிழிவு பரவியிருக்கும் நிலையில் அது வேண்டியதுதான். ஆனால், ‘மாதவிலக்கு எப்போது நின்றது?’ என்று எந்த மேசையிலும் யாரும் கேட்பதில்லை. குளிரூட்டிய மண்டபத்தில் நீரிழிவுத் துண்டுப்பிரசுரத்தை விசிறியாக்கி, முந்தானையால் கழுத்து வியர்வையை ஒற்றியபடி உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் விசாரித்தால் ‘பிரஷர்’ என்று சொல்லிவிடுவார்கள்.

மாதவிலக்கு நிற்கும் காலத்தில் வரும் இந்த வியர்வை பெரும்பாலும் சில ஆண்டுகளில் அடங்கிவிடும். எலும்பின் கதை வேறு. பழைய எலும்பு கரைவதும் புதியது உருவாவதும் உடலில் ஓயாமல் நடக்கின்றன. கரைவது எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிலக்கு நிற்கையில் அது குறைந்ததும் கணக்கு தவறுகிறது; அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 விழுக்காடு வரை போய்விடக்கூடும். வலிக்காது. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது.

ஆசியப் பெண்களுக்கென்றே எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மாதவிலக்கு நின்றவரின் வயதிலிருந்து எடையைக் கிலோவில் கழிக்க வேண்டும். விடை 20-க்கு மேல் என்றால், எலும்பு நலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கான ஆபத்து அதிகம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். 65 வயது, 43 கிலோ என்றால் 22. எடைக்கருவிதான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே.

உடல் பருத்தவர்கள் இதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாகத் தெரிந்தாலும் எலும்பு முறியும் வாய்ப்பு கூடுதல். 45 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றதா, சினைப்பையை எடுத்திருக்கிறார்களா, ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டார்களா, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பெலும்பு முறிந்ததுண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

மேடைப் பேச்சு பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் யாராவது ஓர் ஐயா வந்து ‘பால் குடியுங்கள், நடங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு போகிறார். நல்லதுதான், போதாது. எடை தூக்கும் பயிற்சி பற்றியோ, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்யும் ஹார்மோன் சிகிச்சை பற்றியோ பேச்சே வருவதில்லை. 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் காட்டியதிலிருந்து அந்தச் சிகிச்சை என்றாலே அச்சம். அதே ஆய்வில் இடுப்பெலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைச் சொல்வார் இல்லை. 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்கள் பலருக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து. யாருக்குப் பொருந்தும், யாருக்கு ஆகாது என்பதைத் தமிழ் பேசும் பெண் மருத்துவர் ஒருவர் விளக்கட்டும். அந்த அரைமணி நேரம் ஆண்கள் வெளியே தேநீர் குடிக்கலாம்.

எலும்புப்புரை நோய்ச் சிகிச்சைக்கு, மருத்துவச் செலவுக்கான நம் மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தலாம் என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

அடுத்த பதிவுப் படிவத்தில் மாதவிலக்கு நின்ற வயதுக்கு ஒரு கட்டம் சேருங்கள். நிரப்பத் தயங்குபவர்களுக்கு உதவ, அந்த மேசையில் உட்கார நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் குடியிருப்பாளர் ஒருத்தி